முடிச்சின் மேல் முடிச்சு

உல்ஃபத் தானாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. என் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. குழம்பில் உப்பு குறைந்தால்கூடச் சொல்லமாட்டாள், பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் சினார் சருகைக் கூட்டிக்கொண்டே, "மோஜி, இந்த ஞாயித்துக்கிழமை மலைத் தர்காவுக்குப் போயிட்டு வரலாமா? அங்க இலையெல்லாம் நல்லா சிவந்திருக்கும்" என்றாள்.

பெற்றவளைக் கூப்பிடுகிற மாதிரியேதான் எங்கள் பக்கம் மாமியாரையும் மோஜி என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுவதில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் இலை பார்க்கவா மலைக்குப் போகவேண்டும்? எங்கள் வாசல் சினார் ஒரு மாதமாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கூட்டிக் குவித்து, எரித்து, தண்ணீர் தெளித்துக் கரியாக்கி மூட்டை கட்டுவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. இதில் இவளுக்கு இன்னும் இலை பார்க்க ஆசையாம்.

வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மனம் வேறு கணக்கில் இறங்கிவிட்டது. மன்சூர் கோடையில் வந்து தங்கிவிட்டுப் போயிருக்கிறான். இவள் நான்கு நாளாகக் காலை உப்புத் தேநீரைப் பாதியில் வைத்துவிடுகிறாள். இப்போது தர்காவுக்குப் போகவேண்டும் என்கிறாள். எனக்குத் தெரியாதா?

மன்சூர் என் ஒரே மகன். மாமல்லபுரத்தில் கடை வைத்திருக்கிறான். வேர்வை வழிகிற ஊரில் கம்பளிச் சால்வை விற்கிறான். அங்கே யாரடா சால்வை வாங்குவார்கள் என்று கேட்டால், வெள்ளைக்காரர்கள் வாங்குகிறார்கள், ஊருக்குக் கொண்டுபோய்ப் போர்த்திக்கொள்வார்கள் என்பான். நமக்குக் குளிர்காலம் அவனுக்கு வியாபாரக் காலம். அங்கே மரங்கள் இலையே உதிர்ப்பதில்லையாம், வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்குமாம். எனக்கென்னவோ அது வெட்கம்கெட்ட மரமாகப் படுகிறது.

அவன் கடையை மூடிவிட்டு வந்து ஆப்பிள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்ன, அது நடந்தே ஆகவேண்டும். என் வீட்டுக்காரர் சோனவுல்லாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. இந்த வருடம் ஏணியில் ஏறிப் பழம் பறித்தது கூலியாட்கள்தான், கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்களைத் திட்டியது மட்டும்தான் அவர். போன இலையுதிர் காலத்தில் மலைத் தர்காவுக்குப் போய், மன்சூர் சிறுவனாக இருந்தபோது போட்ட ஃபெரன் என்கிற கம்பளி அங்கியின் ஓரத்தைக் கிழித்து, மரச்சல்லடை ஜன்னலில் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன். என் மகன் ஊரோடு வந்து இருக்கவேண்டும் என்று நேர்ச்சை. நடந்ததும் போய் முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் சோறு ஆக்கி நாலு பேருக்குக் கொடுக்கவேண்டும்.

அன்று உல்ஃபத்தும் கூட வந்திருந்தாள். தூணுக்குப் பின்னால் உள்ள மூலையை அவளுக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். அங்கே காற்று அதிகம் படாது. அவளும் துப்பட்டாவிலிருந்து நீலமாக ஒரு நூலை உருவிக் கண்ணை மூடிக் கட்டினாள். என்ன கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. கல்யாணமான பெண் வேறு என்ன கேட்பாள், பிள்ளைதான்.

இந்த முடிச்சு விஷயத்தில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் எப்போதும் தகராறு. "அஞ்சு வேளை தொழறோம், அது போதாதா? துணியில முடிச்சுப் போட்டாத்தான் அல்லாவுக்கு ஞாபகம் இருக்குமா?" என்பார். "அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருக்கத்தான் போடறேன்" என்பேன். தாடியைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கண் விழித்தபோது சமையலறையில் மஞ்சள் வாசம் வந்தது. உல்ஃபத் எனக்கு முன்னால் எழுந்து மஞ்சள் சோறு ஆக்கி, எண்ணெயில் வெங்காயம் சிவக்க வதக்கி மேலே கொட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவருகே நின்று பார்த்தேன். மஞ்சள் சோறு யாரும் சும்மா ஆக்குவதில்லை. கேட்டது கிடைத்தால்தான் ஆக்குவார்கள். என் சந்தேகமெல்லாம் போய்விட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று அவரிடம் சண்டை போடக்கூட மறந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் சூமோவில் கிளம்பினோம். நெல் அறுத்து முடிந்து வைக்கோல் போர்கள் நின்றன. பாப்ளார் மரங்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. சாலையோரம் முழுக்க ஆப்பிள் பெட்டிகள், அவற்றின் மேல் உட்கார்ந்து பீடி குடிக்கிற பையன்கள். வீட்டுக்கு வீடு சருகு எரிகிற புகை. கூரைகளில் கத்தரிக்காயும் சுரைக்காயும் சரம்சரமாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் அதையெல்லாம் பார்த்தேனா என்றால் பார்த்தேன்தான். ஆனால் மனத்துக்குள், பிள்ளை பிறந்தால் மன்சூர் எப்படி அங்கே இருப்பான், ஓடி வந்துவிடமாட்டானா என்றே ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய முடிச்சு அவிழ்ந்தால் என்னுடையதும் தானாக அவிழ்ந்த மாதிரிதான்.

மலையடிவாரத்தில் ரம்ஜான் வழக்கம்போலக் காங்கிரிக் கடை விரித்திருந்தான். பனிக்காலம் வருவதற்கு முன் ஆளுக்கு ஒரு புதுக் காங்கிரி வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். உள்ளே மண்சட்டி, வெளியே வில்லோக் குச்சிப் பின்னல், கனலைப் போட்டு ஃபெரனுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டால் ஆறு மாதம் ஓடிவிடும்.

"மூணு நல்லதா எடுத்து வை. இறங்கும்போது வாங்கிக்கறேன். போன தடவை குடுத்த மாதிரி ஓட்டைச் சட்டியைத் தலையில கட்டின, அப்புறம் தெரியும்" என்றேன்.

"அக்கா, உன்னை ஏமாத்திட்டு நான் இந்த மலையடியில குடியிருக்க முடியுமா?" என்றான் ரம்ஜான்.

"மோஜி, எனக்கு வேண்டாம். பழசே இருக்கு" என்றாள் உல்ஃபத்.

பழையதன் சட்டி போன பனிக்காலத்திலேயே விரிசல் விட்டுவிட்டது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தேன். அவர் தேநீர்க் கடைப் பெஞ்சில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். படியேற அவரால் முடியாது.

"பாத்தீங்களா? வயித்துப் பக்கம் சூடு ஆகாதுன்னு வேண்டாங்கறா" என்றேன் காதோடு.

"நீயா எதையாவது முடிவு கட்டாத. அவ வாயால சொல்லட்டும்."

"அவ எந்தக் காலத்துல வாயால சொன்னா?"

படியேறத் தொடங்கியதும் சோற்றுப் பாத்திரத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "மெதுவா ஏறு. அவசரமில்ல."

"குடுங்க மோஜி. எனக்கென்ன?"

"உனக்கென்னன்னு எனக்குத் தெரியும்."

அவள் அப்படியே படியில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. "தெரியுமா?"

"நான் என்ன கண்ணு தெரியாதவளா? ஒரு வாரமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

"கோவமா? அடி பைத்தியக்காரி. இதைவிட எனக்கு என்ன சந்தோஷம் வேணும்?"

அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். இரண்டு வருடத்தில் முதல்முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியையும் மூச்சு வாங்காமல் ஏறினேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

தர்காவின் முற்றத்தில் பெரிய சினார் ஒன்று நிற்கிறது. முழுக்கச் சிவந்து, இலை பாதிக்கு மேல் கீழே கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரச் சருகின் மேல் நடந்து பெண்கள் பக்கத்து ஜன்னலுக்குப் போனோம். மரச்சல்லடை கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு நூல், அவ்வளவு துணி. தோட்டக்காரி ஆலங்கட்டி மழை வேண்டாம் என்று கட்டியிருப்பாள், நெல் போட்டவள் எந்த மழையானாலும் வரட்டும் என்று அதற்குப் பக்கத்திலேயே கட்டியிருப்பாள். இதையெல்லாம் அல்லா எப்படித்தான் பிரித்துப் பார்த்துக் கொடுக்கிறானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அவனுடைய வேலை எனக்கு வேண்டாம்.

உல்ஃபத் தூணுக்குப் பின்னால் குனிந்து தேடினாள். எந்த முடிச்சை அவிழ்த்தாலும் சரிதான், எல்லாரும் கைக்கு வந்ததைத்தான் அவிழ்ப்பார்கள். அவளோ தன்னுடையதே வேண்டும் என்று விரலால் ஒவ்வொன்றாக விலக்கினாள். கடைசியில், "இந்தா இருக்கு" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். நீல நூல் இருந்தது. ஆனால் அது சல்லடையில் கட்டியிருக்கவில்லை. என் சாம்பல்நிறக் கம்பளித் துண்டின் முடிச்சைச் சுற்றி, அதன் மேலேயே கட்டியிருந்தாள்.

"இது என்னோட முடிச்சாச்சே! ஒருத்தர் நேர்ச்சை மேல இன்னொருத்தர் கட்டலாமாடி? உங்க அம்மா இதைக்கூடச் சொல்லித் தரலையா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"வேற இடமே இல்ல மோஜி. அதோட, நீங்க கட்டினதுன்னா விடாம பிடிச்சுக்கும்னு நெனச்சேன்." அவளும் சிரித்தாள். "பிடிச்சுக்கிச்சே! திங்கக்கிழமை ராத்திரி அவர் போன்ல சொன்னதும் என்னால நம்பவே முடியல. அடுத்த வாரமே டிக்கெட் போடறேன்னார்."

"யாருக்கு டிக்கெட்? அவன் வரானா?"

"எனக்குத்தான் மோஜி." என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது. "வீடு கிடைச்சிருச்சே. அதானே உங்களுக்குத் தெரியும்னீங்க? இவ்வளவு நாளா யாருமே வீடு தரல, எந்த ஊருன்னு கேட்டதும் கதவைச் சாத்திட்டாங்க. இப்ப ஒரு மீன்காரங்க வீட்டு மாடி. அந்தம்மா அவர் கடைக்கு வந்து, பொண்டாட்டியைக் கூட்டிட்டு வா தம்பி, வீட்டை வச்சுக்கோன்னு சொன்னாங்களாம்."

நான் அவள் வயிற்றைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன்.

"அப்ப பிள்ளை?"

"எந்தப் பிள்ளை?"

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. எத்தனை நாள் கணக்குப் போட்டேன், படியில் எத்தனை சந்தோஷப்பட்டேன். ஏமாந்தது நானேதான் என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"அதனாலதான் காங்கிரி வேண்டாம்னியா? டீ இறங்கலையா? பயணச் சந்தோஷமா? நான் என் மகன் ஊருக்கு வரணும்னு கட்டின முடிச்சு மேல ஏறி உக்காந்து, நீ அவன்கிட்ட போகணும்னு கேட்டிருக்க. அந்த மனுஷனால மாடிப்படி ஏற முடியல. தோட்டத்தை யார் பாப்பா? பனி கொட்டினா கூரையிலேர்ந்து அதை யார் தள்ளுவா? அந்த வீட்டுல நான் யார்கிட்டப் பேசறது, சுவர்கிட்டயா?"

அக்கம்பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உல்ஃபத் கையை ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டாள். போய்விடுவாள், வழக்கம்போல வாயை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"மோஜி, கல்யாணமாகி அவர்கூட நான் இருந்தது ரெண்டு கோடைதான்" என்றாள். குரல் உயரவில்லை. "தெருவுல பாக்கறவங்கல்லாம் விசேஷம் உண்டான்னு கேக்கறாங்க. நீங்களும் அதையே நெனச்சிருக்கீங்க. போன்ல பிள்ளை பொறக்குமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்க முடிச்சைத் தொடல. வேற யாரோடதையாவது அவிழ்த்துட்டு வந்துடறேன். எதை அவிழ்த்தாலும் சரின்னு சொல்வாங்கல்ல" என்று பக்கத்தில் இருந்த ஒரு சிவப்புத் துணியில் கை வைத்தாள்.

அப்படியே விட்டிருக்கலாம். வழக்கமும் அதுதான். என் முடிச்சு அதன் இடத்திலேயே இருந்திருக்கும், என் நேர்ச்சையும் நேர்ச்சையாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த நீல நூல் என் துண்டின் மேல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் முழங்கால் போகும்வரை ஒவ்வொரு பனிக்காலமும் கல்கத்தாவில்தான் இருந்தார். முதுகில் சால்வை மூட்டையோடு தெருத் தெருவாக விற்பார். ஊரில் ஆண்கள் எல்லாரும் போவார்கள், பெண்கள் எல்லாரும் காங்கிரியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நானும் இதே ஜன்னலுக்குத்தான் வந்தேன். வசந்தத்தில் அவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று கட்டிவிட்டுப் போவேன். ஒவ்வொரு வசந்தமும் வந்தார், ஒவ்வொரு வசந்தமும் வந்து அவிழ்த்தேன். என்னையும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று கட்டலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியும் ஒன்றைக் கேட்கலாமா? இந்தப் பெண், உப்பு குறைந்தால் சொல்லாதவள், கேட்டிருக்கிறாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. கோபம் என்று நான் நினைத்ததில் பாதி அதுதான்.

"நகரு" என்றேன்.

மழையும் பனியும் பட்டு நூலும் கம்பளியும் ஒன்றாக இறுகிக் கிடந்தன. அடியில் இருக்கும் என் முடிச்சைத் தளர்த்தாமல் அவளுடையது வராது. அக்ரூட் தோல் உரித்த கறை இன்னும் போகாத நகத்தை உள்ளே விட்டு நெம்பினேன். வரவில்லை. கொண்டையிலிருந்து ஊசியை எடுத்துக் குத்தினேன்.

"மோஜி, அது உங்களோடது!"

"நான் கட்டினது எனக்குத் தெரியாதா?"

முதலில் என் முடிச்சு விட்டது. பிறகு அவளுடையது வழுக்கிக்கொண்டு வந்தது. நீல நூலை அவள் கையில் வைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். யார் பார்த்தால் என்ன?

"உங்களோடதைத் திரும்பக் கட்டிடுங்க" என்றாள்.

"என்னன்னு கேட்டுக் கட்டறது? இப்பத்தான் அல்லா உனக்குக் குடுத்தான். அதுக்குள்ள அதைப் பிடுங்கி எனக்குக் குடுன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? அவனுக்கும் ஒரு மரியாதை இருக்குல்ல."

கம்பளித் துண்டை ஃபெரன் பையில் போட்டுக்கொண்டேன். முற்றத்தில் உட்கார்ந்து மஞ்சள் சோற்றைப் பங்கு வைத்தோம். கையேந்தி வாங்கிய ஒரு பெண், "என்ன விசேஷம்? பேரப்பிள்ளையா?" என்று கேட்டாள்.

"இல்ல. என் மகனுக்கு வீடு கிடைச்சிருக்கு. மருமக போறா" என்றேன். முதல் தடவை சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சோற்றை அள்ளி வைத்தேன். அடுத்தவளுக்குச் சொல்லும்போது கொஞ்சம் சுலபமாக வந்தது. பாத்திரம் காலியாவதற்குள் பழகிவிட்டது.

கீழே இறங்கியபோது ரம்ஜான் மூன்று காங்கிரிகளைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தான்.

"ரெண்டு போதும்" என்றேன்.

"மூணு சொன்னியே அக்கா?"

வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். உல்ஃபத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "அப்ப நீ சொன்னது சரிதான்!"

"சரியில்ல. நான் ஒண்ணும் தெரியாத முட்டாள். அவ மன்சூர்கிட்டப் போறா. வீடு கிடைச்சிருச்சாம். அங்க இலையே உதிராதாம், காங்கிரி எதுக்கு?"

அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு மலைப் படிகளைப் பார்த்தார். தோட்டத்தைப் பற்றிப் பேசுவார், என்னைப்போலவே கத்துவார் என்று காத்திருந்தேன்.

"கல்கத்தாவுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நீ ஒரு நாளும் கேட்டதில்லையே" என்றார்.

"கேட்டிருந்தா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்" என்றேன்.

ரம்ஜான் இரண்டு காங்கிரிகளையும் ஒரே கயிற்றில் சேர்த்துக் கட்டினான். உல்ஃபத் அதை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வண்டிக்கு நடந்தாள்.